மூன்றாம் நாள் மிதக்குமா? – அண்ணாச்சி பதில்கள்

படகு விபத்துகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குக் கடிதங்கள் ஒரு சாக்கு நிறைய வந்துவிட்டன. தீயணைப்பு வேலையில் 31 வருடம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இறங்கித் தேடியே போயிற்று. தெரிந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீரில் போனவர் மூன்றாம் நாள் தானாக மிதந்துவிடுவார் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை பேர் இறங்கித் தேடுகிறீர்கள் அண்ணாச்சி?
– வாசகர், முக்கூடல்

ஊரில் சொல்வது பொய்யில்லை தம்பி. ஆனால் அது குளத்தைப் பார்த்துச் சொன்னது. நுரையீரலில் காற்றுக்குப் பதில் தண்ணீர் போனதும் உடல் அடியில் போய்ப் படுத்துவிடுகிறது. பிறகு குடலில் இருக்கும் கிருமிகள் வேலையைத் தொடங்கி வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுதான் மேலே தூக்குகிறது. சித்திரை வெயிலில் பத்தடித் தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கும். அங்கே இரண்டு நாளே போதும்.

அணைக் கணக்கு வேறு. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. மேலே கால் நனைத்தால் இதமாக இருக்கும். ஆழத்தில் பல் கிட்டிக்கும். குளிரில் கிருமிக்கும் சோம்பல்தான். அதோடு, 33 அடிக்கு ஒருமுறை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 100 அடி ஆழத்தில், மேலே இருந்தால் ஒரு குடம் நிறையும் வாயு கால் குடமாகச் சுருங்கிக் கிடக்கும். தூக்கும் வலு அதற்கு ஏது? ஒரு வாரம் ஆகலாம், வராமலே போகலாம். மூழ்கிய மரக்கிளையில் வேட்டி சிக்கியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் எங்கே தேடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

கரையில் நிற்கிறவர்களைக் கேட்டுத்தான். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கால் மணி நேரத்தில் ஒருவர் சொன்னது இன்னொருவர் கண்ணால் கண்டதாக மாறிவிடும். அதனால் போனவுடன் அவர்களைப் பிரித்து நிறுத்துவேன். விபத்தின்போது நின்ற அதே இடத்தில் ஒவ்வொருவரையும் நிற்கச் சொல்லி, கையை நீட்டச் சொல்வேன். கைக்கு நேரே அக்கரையில் தெரிவது பாறையா, பனையா? இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து காட்டும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், கல் கட்டிய கயிற்றில் காலிக் கேன் ஒன்றை மிதக்கவிடுவோம். அதுதான் எங்களுக்குப் பிள்ளையார் சுழி.

ஒருமுறை குளத்தில் மீன் குத்தகைக்காரரின் தோணி கவிழ்ந்துவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் பார்த்திருக்கிறார். எவ்வளவு கேட்டும் அவரால் நின்றுகொண்டு காட்ட முடியவில்லை. "கல்லில் உட்கார்ந்தால்தான் ஐயா தெரியும்" என்றார். துவைகல்லில் உட்கார்ந்தார். கையில் துணி வேண்டும் என்றார், கொடுத்தோம். ஓங்கியபடியே நிறுத்தி, "இந்தா, இதற்கு நேரே" என்றார். அவர் காட்டிய கோட்டிலிருந்து ஆறடி தள்ளி உடல் கிடைத்தது.

ஓடாத தண்ணீரில் மூழ்கியவர் அதிகம் நகர்வதில்லை. கடைசியாகப் பார்த்த இடத்தில் எவ்வளவு ஆழமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரத்துக்குள்தான் அடியில் கிடப்பார். ஆறு அப்படியில்லை. தாமிரபரணியில் ஒருவர் போனால், விழுந்த இடத்தைவிட அதற்குக் கீழே உள்ள கசங்களையும் (ஆற்றின் ஆழமான பள்ளங்கள்) பாலத்தூண்களையும்தான் முதலில் பார்ப்பேன்.

இப்போது சோனார் கருவி வந்திருக்கிறது. ஒலியை அனுப்பி, அடியில் கிடப்பதன் நிழலைத் திரையில் காட்டும். மணல் தரையில் அருமையான கருவி. மரமும் பாறையும் நிறைந்த மலையணையில் அதன் திரையில் நூறு நிழல் தெரியும். அதில் எது நம் ஆள் என்று சொல்ல மறுபடியும் அந்த ஆச்சி வேண்டும்.

தண்ணீருக்குள் டார்ச் கொண்டுபோவீர்களா? அடியில் என்னதான் தெரியும்?
– வாசகர், வள்ளியூர்

கொண்டுபோவோம். ஒன்றும் தெரியாது. கால் பட்டதும் தொளி கிளம்பிவிடும். பனிமூட்டத்தில் லாரி விளக்கைப் போட்டது போல வெளிச்சம் நம் முகத்துக்கே திரும்பி வரும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். திறந்திருந்தால் இல்லாததெல்லாம் தெரியும்.

கைதான் தேடும். கல் கட்டிய கயிற்றை நடுவில் வைத்து, செக்குமாடு மாதிரி வட்டமாகத் தவழ்ந்து போவோம். ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றை ஒரு கை நீளம் விட்டு அடுத்த சுற்று. கையுறை போட்டால் விரல் ஊமையாகிவிடும் என்று நான் போட்டதில்லை (போடாததற்குக் கருவேல முள்ளிடம் நிறைய வாங்கியிருக்கிறேன், இளைஞர்கள் போட்டுக்கொள்ளுங்கள்). கரம்பை மண் வெண்ணெய் போல வழுக்கும். முழங்கை வரை உள்ளே போகும்போது துணி ஒன்று தட்டுப்படும். பத்துக்கு ஒன்பது தடவை அது உரச் சாக்கு. பத்தாவது தடவை துணியில் பொத்தான் இருக்கும்.

"இப்போதுதானே இறங்கினார்கள், அதற்குள் ஏறிவிட்டார்களே" என்று கரையில் திட்டுவார்கள். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தி அடைத்தால் 2,400 லிட்டர் காற்று. வேலை செய்கிறவனுக்கு நிமிடத்துக்கு 25 லிட்டர் என்று வைத்தால், மேலே ஒன்றரை மணி நேரம் வரும். 100 அடி ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு செலவாகும். 24 நிமிடம். அதிலும் ஆபத்துக்கென்று கொஞ்சம் மீதி வைக்க வேண்டும், மெதுவாக ஏற வேண்டும். அவசரப்பட்டு ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரிக் குமிழியிட்டு மூட்டையும் முதுகுத்தண்டையும் பிடித்துவிடும்.

தேக்கடியில் 45 பேர் இறந்தார்களே, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா?
– வாசகர், தென்காசி

2009 செப்டம்பர் 30-ஆம் தேதி. மாடி வைத்த படகு. கரையில் விலங்குகளைப் பார்த்ததும் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடினார்கள், படகு சாய்ந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேரைப் பலி வாங்கியதும் மாடிப் படகுதான். பாரம் உயரத்தில் இருந்தால் படகுக்குத் திரும்பி நிமிரும் புத்தி குறைந்துவிடும். காரையாறு அணையில் பாணதீர்த்தம் அருவிக்குப் படகு ஓடிய காலத்தில், பாதி வழியில் எழுந்து நின்று போட்டோ எடுத்தவர்களை நான் கத்தி உட்கார வைத்திருக்கிறேன்.

திறந்த தட்டில் இருப்பவருக்கு ஜாக்கெட் உயிர். அடைத்த கீழ்த்தட்டில் இருப்பவருக்கோ, படகு கவிழ்ந்ததும் அது ஆளைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும். முங்கி வாசலுக்கு வர முடியாது. அதனால் ஜாக்கெட்டும் போடுங்கள், வெளியேறும் வழிக்குப் பக்கத்திலும் உட்காருங்கள். தருவதற்கு ஜாக்கெட் இல்லை என்றால் டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள். அதை மடித்து மெத்தையாகப் போட்டு உட்காருகிற குடும்பத் தலைவர்களைப் பற்றி எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

நன்றாக முங்குகிற இளைஞர்கள் பத்துப் பேர் இருக்கிறோம். இப்படி நடந்தால் நாங்களே இறங்கலாமா?
– வாசகர்கள், சேரன்மகாதேவி

101-ஐயோ 112-ஐயோ கூப்பிட்டுவிட்டு, கயிறு வீசுங்கள், பரிசலில் போங்கள், பாதாளக் கரண்டி (கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கொக்கி) கிடைத்தால் எடுத்து வையுங்கள். முங்க வேண்டாம். எனக்கு வித்தை சொல்லிக் கொடுத்தவர் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். அவர் என்னை முதலில் அடித்தது, முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்ததற்காக. அப்படிச் செய்தால் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டுவதே தெரியாது. முட்டாமலே மயக்கம் வரும். கைதேர்ந்த நீச்சல்காரர்களே இப்படித்தான் போகிறார்கள். நரம்பு வலை (மெல்லிய நைலான் மீன் வலை) வேறு கிடக்கும். எனக்கே ஒருமுறை கணுக்காலில் சுற்றிக்கொண்டது. கெண்டைக்காலில் கத்தி கட்டியிருந்ததால் இதை எழுதுகிறேன்.

என் தம்பி படகிலிருந்து விழுந்த அன்று, மாலை ஆறு மணிக்குத் தேடலை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். இரவெல்லாம் அவன் தண்ணீரில் கிடந்தான். இது நியாயமா அண்ணாச்சி?
– பெயர், ஊர் வேண்டாம்

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

நிறுத்தியது நியாயம்தான். முதல் ஒரு மணி நேரம் உயிரைத் தேடுகிறோம், எதையும் பணயம் வைக்கலாம். அதற்குப் பிறகு தேடுவது உடலை. அதற்காக இருட்டில் ஒரு உயிரை இறக்கக் கூடாது. மேலே கயிறு பிடிப்பவனுக்கு மூச்சுக் குமிழி தெரியாது, கீழே ஒருவன் சிக்கினால் அடுத்தவன் போக முடியாது.

உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியேறிப் போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது தவறு. பெரிய தவறு. நான் கரையேறியதும் ஈரத்தோடு வீட்டுக்காரர்களிடம்தான் போவேன். தாளில் அணையை வரைந்து, இன்று இந்த மூலை முடிந்தது, நாளை காலை ஐந்தரைக்கு இந்த மூலையில் தொடங்குவோம் என்று காட்டுவேன். கேனை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டு வருவோம்.

முகத்தைப் பார்க்க விடவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான்கு நாள் தண்ணீர், மீன். அரைஞாண் கயிற்றையும் கைக்கடிகாரத்தையும் உங்கள் அப்பாவிடம் காட்டிக் கேட்டார்களே, அதைச் செய்தவர் உங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் செய்தார்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆற்றில் குளிக்கிறீர்களா?
– வாசகர், பாளையங்கோட்டை

தினமும். குறுக்குத்துறையில், காலை ஐந்தரைக்கு, இடுப்பளவுத் தண்ணீரில். முங்கினால் கை தானாக அடியைத் தடவிப் பார்க்கிறது. நேற்று ஒரு சோப்பு டப்பா கிடைத்தது.