பாட்டு கேட்க வந்தவர்களின் கோபம்

வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் என்ற நால்வரின் ராக் இசைக்குழு போன டூரைப் பற்றிய ‘சி.எஸ்.என்.ஒய்/தேஜா வூ’ படத்தைப் பார்த்தேன். ஏமாற்றம்தான். நான்கு பேருக்கும் குரல் போய்விட்டது. ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்க விடுகிறார்களா என்றால் இல்லை, நடுநடுவே ஈராக், செய்தி, பேட்டி. இது கச்சேரிப் படமா, அரசியல் படமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாட்டுகள் பாதியில் அறுபடுவது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. குரல் விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2006இல் அந்த டூர் நடந்தபோது நால்வரில் இளையவரான நீல் யங்குக்கே 60 வயது. அந்தக் கரகரப்பை மறைக்காமல் விட்டதே எனக்குப் பிடித்தது.

ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொன்னது படத்தில் வரும் அட்லாண்டா கச்சேரிப் பகுதிக்காக. 1970 மே மாதம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் மீது தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் செத்தபோது, யங் எழுதிய ‘ஒஹாயோ’ பாட்டை அதே மாதம் பதிவு செய்து அடுத்த மாதமே வெளியிட்டவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களின் ரசிகர்கள்தான், 36 வருஷம் கழித்து, ஈராக் போரைத் தொடங்கிய அன்றைய அமெரிக்க அதிபர் புஷ்ஷைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்லும் புதுப் பாட்டு அட்லாண்டா மேடையில் தொடங்கியதும் கூச்சல் போடுகிறார்கள், சிலர் எழுந்தே போய்விடுகிறார்கள். பெர்னார்ட் ஷேக்கி என்ற புனைபெயரில் படத்தை இயக்கியவர் யங்தான். நினைத்திருந்தால் அந்தக் காட்சியை வெட்டியிருக்கலாம், கைதட்டியவர்களை மட்டும் காட்டியிருக்கலாம், கச்சேரிப் படங்களில் பெரும்பாலும் அதைத்தானே செய்கிறார்கள்? இவரோ ஈராக்கிலிருந்து செய்தி தந்த ஒரு தொலைக்காட்சி நிருபரைக் கூட்டத்துக்குள் அனுப்பி, கோபப்பட்டவர்களையும் பேச வைக்கிறார். தன்னைத் திட்டுபவர்களுக்குத் தன் படத்திலேயே இடம் தருவது சின்ன விஷயமில்லை.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. டிக்கெட் வாங்கி, தங்கள் இளவயதுப் பாட்டுகளைக் கேட்க வந்தவர்கள். அவர்களை முட்டாள்களாகக் காட்டியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து படத்தைத் திட்டியிருப்பேன். அந்தப் பேட்டிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வயதான நால்வர் பழைய பாட்டுகளைப் பாடும் ஒரு பதிவு, அவ்வளவுதான். அதனால் நீங்கள் குறுக்கீடு என்று சொல்வதைத்தான் நான் படம் என்கிறேன்.

கிராஸ்பி 2023 ஜனவரியில் காலமாகிவிட்டார், அந்த நான்கு குரல்களும் இனி ஒரே மேடையில் சேர வழியில்லை. பாட்டுகள் முழுசாக வேண்டுமென்றால் அதே டூரின் பதிவுகள் 2008இல் தனி ஆல்பமாக வந்திருக்கின்றன, படத்தின் பெயரோடு ‘லைவ்’ என்று சேர்த்துத் தேடுங்கள். அதைக் கேட்டுவிட்டு, அப்புறம் அட்லாண்டா பகுதியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.