ஆயிரம் மடங்கு நீர்த்தும் மிளகாய்ப் பூ கொட்டியது ஏன்?

கேள்வி: ஐயா, 50 சென்டில் கிணற்றுப் பாசனத்தில் சம்பா மிளகாய் நட்டிருக்கிறேன். பூ உதிராமல் இருக்க 60-ஆம் நாள் பிளானோபிக்ஸ் என்ற பயிர் ஊக்கியை 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவில் தெளிக்கச் சொன்னார்கள். 100 மி.லி. பாட்டிலை முழுதும் கவிழ்த்து, தண்ணீர் விட்டு 1 லிட்டர் ஆக்கினேன். அதில் டேங்குக்கு (10 லிட்டர்) 100 மி.லி. வீதம் பத்து டேங்க் அடித்தேன். மூன்றே நாளில் இலை முறுக்கிக்கொண்டது, பூவும் கொட்டுகிறது. ஆயிரம் மடங்கு நீர்த்தும் இப்படியா? மருந்து போலியோ? கரைசல் தீர்ந்துபோய் அடிக்காமல் விட்ட நான்கு பார்கள் (செடி வரிசைகள்) மட்டும் நன்றாக இருக்கின்றன.

பதில்: அந்த நான்கு பார்கள்தான் சாட்சி. இலைப்பேனாக இருந்தால் இலை மேல்நோக்கியும் சிலந்திப்பேனாக இருந்தால் கீழ்நோக்கியும் சுருளும். இரண்டுமே நீங்கள் அடித்த பாரோடு நின்றுகொள்ளாது. மருந்தின் மேல் பழி போட வேண்டாம். அளவுதான் கூடிவிட்டது.

பாட்டிலில் 4.5 சதவீதம் என்று இருக்கும். அதாவது லிட்டருக்கு 45 கிராம், 45,000 பி.பி.எம். 1 லிட்டர் ஆக்கியபோது பத்தில் ஒன்றாகி 4,500. அதில் 100 மி.லி. 10 லிட்டர் டேங்கில் சேர்ந்தபோது நூறில் ஒன்றாகி 45. ஆயிரம் மடங்கு நீர்த்தது உண்மைதான், ஆனால் எதிலிருந்து தொடங்கினீர்கள் என்பதைப் பார்க்கவில்லை. சொன்ன 10-க்குப் பதில் செடிக்குப் போனது நாலரை மடங்கு! ஆப்பிள் தோட்டங்களில் மிகுதியான பிஞ்சை உதிர்க்கவும் இதே மருந்தைத்தான் தெளிக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

90-ஆம் நாள் தெளிப்புக்கு 25 மி.லி. மருந்தை 250 மி.லி. ஆக்குங்கள். 'ஆக்குவது' என்றால் மருந்தோடு சேர்த்து மொத்தமே 250 மி.லி.தான்; தனியாக 250 மி.லி. தண்ணீரில் மருந்தை ஊற்றினால் பத்துப் பங்கு பதினொன்றாகிவிடும். டேங்குக்கு 22 மி.லி. போதும், ஊசி கழற்றிய சிரிஞ்சால் அளந்துகொள்ளலாம். மூடியால் அளக்காதீர்கள். மீந்த கரைசலை அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம்.

இப்போதைக்கு வேறெந்த ஊக்கியும் அடிக்காமல், மண் காயாதபடி தண்ணீர் மட்டும் கட்டி வாருங்கள். முறுக்கிய இலை நிமிராது. புதுத் தளிர் நேராக வருகிறதா என்று பாருங்கள். தளிரும் முறுக்கியே வந்தால் 90-ஆம் நாள் தெளிப்பையும் விட்டுவிடுங்கள்.