கேரட் ஜூஸ் போதுமா? அப்பாவின் மாக்குலர் பாதிப்பு பற்றி

வணக்கம் சகோதரி. கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்கு 67 வயதில் மாக்குலர் சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி நலிவது), ஆரம்ப நிலை என்று எழுதியிருந்தீர்கள். தினமும் கேரட் ஜூஸ் போதுமா என்ற கேள்விக்குப் பதில்: போதாது. நம் மலைக் கேரட் நல்லதுதான், ஆனால் இதற்குக் கீரைதான் முக்கியம். பசலை, முருங்கை இரண்டிலும் உள்ள லூட்டின் என்ற மஞ்சள் நிறச் சத்து விழித்திரையின் நடுப்பகுதியில் போய்ச் சேரும். மீனும் கொடுங்கள்.

அப்பா பீடி பிடிப்பதைப் பற்றிக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் முதலில் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். இந்த நோயில் நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் புகையே பெரியது. குளிருக்கு இதம் என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணுக்கான சத்து மாத்திரையை நீங்களாக வாங்கவும் வேண்டாம். அது நடுத்தர நிலைக்கு வந்தவர்களுக்குத்தான் பலன் தரும். பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் சத்து) கலந்த மாத்திரையாக இருந்தால், புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும்.

வெயிலில் தொப்பி, கூலிங் கிளாஸ் சரி.

அப்புறம், வாரம் ஒருமுறை கண்ணாடி போட்டபடி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியாக. கம்பி வளைந்தோ, நடுவில் கறை போலவோ தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே கோவைக்கு இறங்கி விழித்திரை டாக்டரைப் பாருங்கள். ஈர வகையாக (விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் வளர்ந்து கசியும் வகை) மாறியிருந்தால் கண்ணில் ஊசி போடுவார்கள், தாமதித்தால் இழந்த பார்வை திரும்புவது கஷ்டம்.