தாய்மாமன் கல்யாணமும் மரபணு ஆலோசனையும்

அன்புள்ள ஐயா,

என் மகளை என் கடைசித் தம்பிக்கே கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு. எங்கள் அம்மாவும் தன் தாய்மாமனைக் கட்டியவர்தான். நாங்கள் ஐந்து பேரும் ஒரு குறையுமின்றி இருக்கிறோம். ஆனால் என் பெரியம்மாவின் பேரனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மரபணு ஆலோசனைக்குப் போய்வரச் சொல்கிறார் தெரிந்த நர்ஸ் ஒருவர். போனால் கல்யாணம் வேண்டாம் என்றுதானே சொல்வார்கள்? ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதாதா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தாராளமாகச் செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டார்கள். முடிவு உங்கள் வீட்டுடையது. அதற்கு வேண்டிய கணக்கைப் புரியும்படி சொல்வதுதான் அவர்கள் வேலை.

முதலில் ஒரு தாளை எடுத்துக் குடும்பப் படம் போடுவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவர் என்றால் உள்ளே கறுப்பு. தம்பதியை இணைப்பது ஒற்றைக் கோடு. உறவுக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. உங்கள் அம்மாவுக்கு ஒன்று, இந்தக் கல்யாணம் நடந்தால் மகளுக்கு இன்னொன்று. அப்புறம் கேட்பார்கள்: கரு கலைந்ததுண்டா, பிறந்து சில நாளில் இறந்த குழந்தை உண்டா? போவதற்கு முன்பே அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'ஐந்து பேரும் நன்றாக இருக்கிறோம்' என்கிறபோது நாம் இருப்பவர்களை மட்டும்தான் எண்ணுகிறோம். பழைய ஆட்கள் இதையெல்லாம் 'தங்கவில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

கணக்கு இதுதான். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் என்றால் உறவு அதைவிட நெருக்கம்: மரபணுக்களில் சராசரியாகக் கால்வாசி பொது. முந்தைய தலைமுறையிலும் இரட்டைக் கோடு இருப்பதால் உங்கள் வீட்டில் அது இன்னும் கூடும். அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். நம் ஆட்கள் தங்களுக்குத் தோதான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

ரத்தப் பரிசோதனை பற்றி. தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக்குறைவு நோயைக் கடத்துபவரா, அதாவது தனக்கு நோய் இல்லாமலே பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவரா என்று அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். காது கேளாமைக்குக் காரணமான மரபணுக்களோ ஏராளம். அதனால் சோதனையை அந்தப் பையனிடமிருந்து தொடங்குவதுதான் முறை. அவன் தாய்க்குக் கர்ப்பத்தில் ருபெல்லா என்ற அம்மை வந்ததா, குழந்தைக்குக் கடும் மஞ்சள்காமாலை இருந்ததா, அவன் பெற்றோரும் உறவுக்குள் கட்டியவர்களா என்று விசாரிப்பார்கள். அவனிடம் மரபணுக் காரணம் கிடைத்தால், அதே மாற்றம் மகளிடமும் தம்பியிடமும் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று அர்த்தமில்லை. இந்த வகைக் குறை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வரும். மருமகளை மட்டும் குத்திக்காட்ட வழியே இல்லை.

பெரியம்மா வீட்டில் போய் 'உங்கள் பேரன் ரத்தம் வேண்டும்' என்று கேட்பது சங்கடம்தான். பையனின் பெற்றோரிடம் நேரடியாகக் கேளுங்கள். இரண்டாவது பிள்ளை பற்றி யோசிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் அந்த விடை தேவை.

'கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள்' என்கிற பயத்துக்குச் சைப்ரஸைச் சொல்லலாம். தாலசீமியா மிகுந்த தீவு அது. கல்யாணத்துக்கு முன் சோதனைச் சான்றிதழ் வேண்டும் என்று 1983 முதல் அங்குள்ள திருச்சபையே கேட்கிறது. சோதித்து ஆலோசனை பெற்றார்கள் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். முடிவு தம்பதியோடு சரி. இருவரும் கடத்துபவர்கள் என்று தெரிந்தும் பெரும்பாலானோர் கல்யாணத்தை நிறுத்தவில்லை. கர்ப்ப காலத்தில் கருவைச் சோதித்துக்கொண்டார்கள். தாலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் அங்கே மிக அரிதாகிவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஆலோசனைக்கு அவளும் தம்பியும் போகட்டும். பெரியவர்கள் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள்.