வாந்திபேதிக் கிருமியை ஆய்வுக்கூடம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விகள்

அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து காலரா என்னும் வாந்திபேதி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தோட்டக் கிளினிக் உதவியாளர்: அக்கா, பேதியோடு வருகிறவரிடம் சாம்பிள் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து ஈப்போவுக்கு அனுப்பலாமா?

ஐஸ் வேண்டாம்மா. மற்ற சாம்பிள்களுக்குக் குளிர் நல்லது என்ற பழக்கத்தில் இதையும் ஐஸில் வைத்துவிடுகிறார்கள். காலராக் கிருமிக்குக் குளிர் ஆகாது, காய்ந்து போவதும் ஆகாது. ஆசனவாயில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, கிருமியை உயிரோடு வைத்திருக்கும் கேரி-பிளேர் ஊடகம் உள்ள குப்பியில் அடிவரை குத்தி, குச்சியின் மேல் முனையை ஒடித்துவிட்டு மூடியை இறுக்கு. வெயில் படாமல், அறை வெப்பத்திலேயே அனுப்பு.

இன்னும் இரண்டு விஷயம். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே சாம்பிள் எடுத்துவிடு. பாரத்தில் 'காலரா சந்தேகம்' என்று தெளிவாக எழுது. வெறும் 'பேதி' என்று எழுதினால், பல ஆய்வுக்கூடங்களில் பேதி தரும் வேறு கிருமிகளான சால்மொனெல்லா, ஷிகெல்லாவை வளர்த்துத் தேடும் தட்டுகளில் மட்டும் போடுவார்கள். காலராவுக்கான தட்டை எடுக்கவே மாட்டார்கள். கிருமி இருந்தும் 'இல்லை' என்று ரிசல்ட் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

படிவம் ஆறு மாணவன்: ஆண்ட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

சந்தேகம் வரும், முடிவு வராது தம்பி. காலராக் கிருமியான விப்ரியோ காலரே சற்று வளைந்த கோல், ஒரு முனையில் ஒரே ஒரு வால். 1854-இல் இத்தாலியின் பச்சினி அதைக் கண்டு எழுதினார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருடம் கழித்து ராபர்ட் கோக் கல்கத்தாவில் அதைத் தனியே பிரித்து வளர்த்த பிறகுதான் உலகம் கவனித்தது. இருட்டுப் பின்னணியில் பார்த்தால் விர்ரென்று குறுக்கும் நெடுக்கும் பாயும். இந்தக் கிருமியின் ஓ1 என்ற வகையைப் பற்றிக்கொள்ளும் எதிர்ச்சீரத்தை ஒரு சொட்டு விட்டதும் சட்டென்று நின்றால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் வளர்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆய்வுக்கூட டிப்ளோமா மாணவி: டி.சி.பி.எஸ். தட்டில் மஞ்சள் காலனி வந்தால் காலரா என்று ரிப்போர்ட் எழுதிவிடலாமா?

கூடாது, கண்ணு. டி.சி.பி.எஸ். என்பது விப்ரியோக்களைத் தேர்ந்து வளர்க்கும் தட்டு, காலனி என்பது அதில் கிருமி பெருகித் திரளும் புள்ளி. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சாம்பிளைக் காரப் பெப்டோன் நீரில் போடுகிறோம், காரத்தின் அளவான பி.எச். 8.4 முதல் 8.6 வரை. அந்தக் காரத்தில் குடலில் இருக்கும் மற்ற கிருமிகள் தடுமாறும், இது கிடுகிடுவென்று பெருகும். ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் மேற்பரப்புக்கு ஏறி மெல்லிய படலமாக நிற்கும். குழாயை ஆட்டாதே. மேலிருந்து லூப் என்னும் சிறு வளையத்தால் ஒரு முறை எடுத்து டி.சி.பி.எஸ். தட்டில் இழுத்து, 35-37 டிகிரியில் ஓர் இரவு வை. மறுநாள் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவில், தட்டையான, பளபளக்கும் மஞ்சள் காலனிகள் தெரியும். சுக்ரோஸ் சர்க்கரையைப் புளிக்க வைப்பதால்தான் மஞ்சள். ஆனால் விப்ரியோ ஆல்ஜினோலிடிகஸும் மஞ்சள்தான். பச்சையாக வந்தால் பெரும்பாலும் கடல் உணவு வழி வரும் பாராஹீமோலிடிகஸ்.

அதனால் மஞ்சள் காலனியை எடுத்துச் சாதாரண நியூட்ரியன்ட் அகாரில் மறுபடி வளர்த்துவிட்டு, ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று நிறச் சோதனை பார். டி.சி.பி.எஸ். தட்டிலிருந்து நேராகப் பார்த்தால் அமிலத்தால் தவறாக 'நெகட்டிவ்' வரும். நைக்ரோம் உலோகக் கம்பியால் எடுத்தால் தவறாக 'பாசிட்டிவ்' வரும், பிளாஸ்டிக் லூப் அல்லது மரக்குச்சி எடுத்துக்கொள். பத்து விநாடிக்குள் கருநீலம் ஏற வேண்டும்.

பிறகு நூல் சோதனை. கண்ணாடித் தகட்டில் 0.5 சதவீத சோடியம் டிஆக்சிகோலேட் ஒரு சொட்டு, அதில் காலனியைக் குழை. ஒரு நிமிடத்துக்குள் கலங்கல் தெளிந்து கொழகொழவென்று ஆகும். லூப்பை மெதுவாகத் தூக்கினால் உறையத் தொடங்கிய ரப்பர் பாலைப் போல நூலாக எழும்பும்.

கடைசியில் எதிர்ச்சீரம். ஓ1 சீரத்தில் கட்டிகட்டியாகத் திரண்டால் ஓ1. அதற்குப் பிறகுதான் அதன் உட்பிரிவுகளில் இனாபாவா ஒகாவாவா என்று பிரிப்போம். பக்கத்திலேயே வெறும் உப்புநீரிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க மறந்துவிடாதே. அதிலும் திரண்டால் உன் சோதனை செல்லாது.

கோயில் கமிட்டிப் பெரியவர்: தங்கச்சி, எங்க ஆற்றுத் தண்ணியில 'விப்ரியோ காலரே' இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா, ஊருக்கே காலரா வந்துட்டதா அர்த்தமா?

அப்படி இல்லைங்கய்யா. இந்த ஒரே இனத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஓ-வகைகள் உண்டு. ஊர் ஊராகப் பரவும் கொள்ளைநோயை உண்டாக்குவது ஓ1, ஓ139 இரண்டுதான். மற்றவை ஆற்றிலும் கழிமுகத்திலும் இயல்பாகவே வாழ்கின்றன, சிலருக்குப் பேதி கொடுப்பதோடு சரி. ஆகவே எந்த வகை, நஞ்சு சுரக்கிறதா என்று கேளுங்கள். காலராவின் கொடுமை அந்த நஞ்சில் இருப்பதை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே முயல் குடலில் நிரூபித்தார். நோபல் வாங்க வேண்டிய வேலை என்பது என் கருத்து. அந்த நஞ்சுக்கான மரபணுவை இப்போது பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனையில் தேடலாம். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அன்னதானத்துக்கு ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் எடுக்காதீர்கள்.

அதே பெரியவர்: ஓ139 என்பது மெட்ராஸில் வந்ததுதானே?

ஆமாங்கய்யா, 1992-இல் முதலில் அங்கே தெரிந்தது, அடுத்து வங்காளத்தில் பரவியது. ஓ1 சீரத்தில் திரளாததால் முதலில் எல்லாரும் குழம்பினார்கள். அதனால்தான் இரண்டு சீரமும் வைத்துக்கொள்கிறோம்.

ஒரு தாய்: ரிசல்ட் வர எத்தனை நாளாகும்? அதுவரைக்கும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

இரண்டு நாள், சில சமயம் மூன்று. அம்மா, தயவுசெய்து அதற்காகக் காத்திருக்காதீர்கள். காலரா கொல்வது உடம்பில் நீர் வற்றுவதால், அதுவும் சில மணி நேரத்திலேயே. வெளுத்த தண்ணீராகப் போகத் தொடங்கியதும் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு வாயாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, பிள்ளை துவண்டு, குடிக்க முடியாமல் போனால் நரம்பில் சலைன் ஏற்ற வேண்டும், அது வீட்டில் முடியாது. ஆய்வுக்கூடத்து ரிசல்ட் ஊரைக் காப்பாற்ற. உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுவது அந்த உப்புத் தண்ணீர்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போடுபவர்: பத்து நிமிஷத்துல தெரியற கார்டு இருக்காமே?

இருக்கிறது தம்பி. பரவல் தொடங்கியிருக்கிறதா என்று சீக்கிரம் மோப்பம் பிடிக்க உதவும். ஓர் ஆளுக்குக் காலரா என்று உறுதி செய்ய அது போதாது. கார்டு பாசிட்டிவ் ஆனாலும் சாம்பிளை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்பதும் வளர்த்தால்தான் தெரியும். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி காலராவைச் சுகாதார இலாகாவுக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் வந்து கேட்டால் ஐஸ் எங்கே வாங்கினீர்கள், தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

தோட்டக் கிளினிக் உதவியாளர்: வரும்போதே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வருகிறார்களே, அக்கா. அப்புறம் சாம்பிள் எடுத்து என்ன பயன்?

எடும்மா. என்ன மாத்திரை, எப்போது போட்டார் என்பதைப் பாரத்தில் எழுது. மிச்சம் மீதி உயிரோடிருக்கும் கிருமி காரப் பெப்டோன் நீரில் பெருகி வரலாம். செத்த கிருமியின் மரபணுவைக்கூடப் பி.சி.ஆர். பிடிக்கும். அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வேறு யாருக்காவது பேதி இருக்கிறதா என்று கேட்டு, இன்னும் மாத்திரை போடாத ஒருவரிடமும் சாம்பிள் எடுத்துச் சேர்த்து அனுப்பு.