ஏன், எதற்கு, எங்கே: ஜெர்மன் வினாச்சொற்கள் பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றுபோலத் தோன்றும் வினாச்சொற்களைப் பற்றியவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வினாச்சொற்கள் குழப்பினால், அகராதியில் அவற்றின் பொருளைத் தேடிக்கொண்டிருக்காமல், அவற்றுக்கு என்ன விடை வரும் என்று பாருங்கள். வேறுபாடு அங்கேதான் பிடிபடும்.

ஜெர்மன் மொழியின் தொடக்கநிலைத் தேர்வான ஏ1-க்குப் படிக்கிறேன். 'வாரும்', 'வீஸோ', 'வெஸ்ஹால்ப்', 'வெஸ்வேகன்' நான்குக்கும் 'ஏன்' என்றே போட்டிருக்கிறது. நான்கையும் கற்க வேண்டுமா?

பேசுவதற்கு 'வாரும்' ஒன்று போதும். எந்த இடத்திலும், யாரிடமும் தயங்காமல் கேட்கலாம். உச்சரிப்பில் மட்டும் கவனம் வையுங்கள்: அழுத்தம் இரண்டாவது அசையான 'ரும்' மீது விழ வேண்டும். மற்ற மூன்றையும் கேட்டால் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்திருந்தால் இப்போதைக்குச் சரி.

ஆனாலும் நான்குக்கும் ஒரே பொருளை எழுதிவிட்டு நகர்ந்துவிடும் சொற்பட்டியல்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. 'வீஸோ' பேச்சுமொழிக்கு நெருக்கமானது, அதில் சற்று வியப்பும் கலந்திருக்கும். விருந்துக்கு வருவதாகச் சொன்ன தோழி திடீரென்று வரவில்லை என்கிறாள். அப்போது 'வீஸோ?' என்று கேட்டால், 'அதெப்படி, ஏன் வரவில்லை?' என்ற தொனி கிடைக்கும். 'வெஸ்ஹால்ப்' எழுத்தில் அதிகம் புழங்குவது. 'வெஸ்வேகன்' அதைவிட அரிது. அதனுள் இருக்கும் 'வேகன்' என்ற சொல்லுக்கு 'காரணமாக' என்று பொருள்.

'வெஸ்ஹால்ப்' இன்னொரு வேலையும் செய்யும். 'எஸ் ரேக்னெட்டெ, வெஸ்ஹால்ப் விர் ட்ஸூ ஹௌஸெ ப்லீபன்' என்றால் 'மழை பெய்தது, அதனால் வீட்டிலேயே இருந்துவிட்டோம்' என்று பொருள். இங்கே கேள்வி எதுவும் இல்லை, அது இரண்டு வாக்கியங்களை இணைக்கிறது. 'வீஸோ'வை இப்படிப் பயன்படுத்த முடியாது. இடைநிலைத் தேர்வான பி1-இல் கட்டுரை எழுதும்போது இந்த அமைப்பு கைகொடுக்கும்.

நான்குக்கும் விடை பெரும்பாலும் 'வைல்' ('ஏனென்றால்') என்று தொடங்கும், வினைச்சொல் கடைசிக்குப் போகும். 'வைல் இஷ் க்ராங்க் பின்': 'இஷ்' நான், 'க்ராங்க்' நோயுற்று, 'பின்' இருக்கிறேன். வினை கடைசியில் வருவது தமிழருக்கு இயல்பு. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள்தான் இதில் தடுமாறுகிறார்கள். தமிழிலிருந்தே நேராக ஜெர்மனுக்குப் போங்கள்.

'வாரும் லெர்ன்ஸ்ட் டூ டொய்ட்ஷ்?' என்று கேட்ட ஆசிரியர், நான் பதில் சொன்ன பிறகு 'வோட்ஸூ?' என்று மறுபடி கேட்டார். இரண்டும் ஒரே கேள்விதானே?

ஒரே கேள்வி இல்லை. முதலாவது காரணத்தைக் கேட்கிறது, இரண்டாவது நோக்கத்தைக் கேட்கிறது. 'அக்கா கொலோன் நகரில் இருக்கிறார், அதனால் படிக்கிறேன்' என்பது காரணம். 'ஜெர்மனியில் வேலை செய்வதற்காகப் படிக்கிறேன்' என்பது நோக்கம். தமிழில் 'எதனால்', 'எதற்காக' என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள், உடனே விளங்கும்.

'வோட்ஸூ'வுக்கு 'வைல்' என்று பதில் தொடங்கினால் பொருந்தாது. 'உம் இன் டொய்ட்ஷ்லாண்ட் ட்ஸூ ஆர்பைட்டன்' என்பது சரியான விடை. 'உம்... ட்ஸூ' அமைப்பில் படிப்பவரும் வேலை செய்பவரும் ஒருவரே. பிள்ளைகள் அங்கே படிக்க வேண்டும் என்பதற்காக நீங்கள் மொழி கற்கிறீர்கள் என்றால் எழுவாய் மாறிவிடுகிறது, அப்போது அதே 'வதற்காக' பொருளில் 'டமிட்' என்ற இணைப்புச்சொல் வேண்டும். மாறாக, 'வாரும்' என்ற கேள்விக்கு நோக்கத்தையும் விடையாகச் சொல்லலாம், தவறில்லை. அதனால்தான் பலருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போகிறது.

ஓர் எச்சரிக்கை. யாராவது ஒரு யோசனை சொல்லும்போது வெறுமனே 'வோட்ஸூ?' என்று கேட்டால், 'அது எதற்கு, தேவையா?' என்று அலட்சியமாக ஒலிக்கக்கூடும்.

இதன் உறவினரான 'வோஃப்யூர்', 'எதற்கு' என்று ஒரு பொருளையோ பயனையோ கேட்கும். 'வோஃப்யூர் ப்ரௌக்ஸ்ட் டூ டாஸ் கெல்ட்?', அதாவது 'பணம் எதற்குத் தேவை?' என்றால் விடை 'ஃப்யூர் டி மீட்டெ', 'வாடகைக்கு'. 'யாருக்காக' என்று ஆளைக் கேட்பதானால் 'ஃப்யூர் வேன்' என்றே கேட்க வேண்டும்.

'வி ஃபீல்', 'வி ஃபீலெ': எப்போது எது?

'எவ்வளவு', 'எத்தனை'. தமிழ் தெரிந்தவருக்கு இதில் குழப்பமே வரக்கூடாது. எவ்வளவு பால், எத்தனை முட்டை. 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் முதலாவதைச் சேர்த்து எழுதியிருப்பார்கள். இப்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவதே முறை.

'வோ கேஸ்ட் டூ?' என்று கேட்டேன், சக ஊழியர் 'வோஹின்' என்று திருத்தினார். 'வோ' என்றாலும் 'எங்கே' தானே?

'எங்கே இருக்கிறாய்', 'எங்கே போகிறாய்' இரண்டிலும் நாம் 'எங்கே' என்றே சொல்வதால் வரும் தவறு இது. ஜெர்மனில் இருக்கும் இடத்துக்கு 'வோ', போகும் திசைக்கு 'வோஹின்', எங்கிருந்து என்பதற்கு 'வோஹேர்'. 'வோ கேஸ்ட் டூ ஹின்?' என்று பிளந்தும் கேட்பார்கள். கடைசியில் வரும் அந்த 'ஹின்' காதில் விழாததால்தான் வெறும் 'வோ' போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் வேற்றுமைச் சிக்கலும் பாதி தீரும். 'இன்' (உள்ளே), 'ஆவ்ஃப்' (மேலே) உள்ளிட்ட ஒன்பது முன்னிடைச்சொற்கள், 'வோ'வுக்கு விடையானால் டேட்டிவ் (நம் நான்காம் வேற்றுமை போன்றது) எடுக்கும், 'வோஹின்'னுக்கு விடையானால் அக்யூஸேட்டிவ் (நம் இரண்டாம் வேற்றுமை போன்றது) எடுக்கும். 'இன் டேர் ஷூலெ' என்றால் பள்ளியில், 'இன் டி ஷூலெ' என்றால் பள்ளிக்கு.

கடையில் 'வெல்ஷஸ் ஹெம்ட்?' என்று கேட்பதா, 'வாஸ் ஃப்யூர் ஐன் ஹெம்ட்?' என்று கேட்பதா?

மேசையில் நான்கு சட்டைகள் விரித்துக் கிடக்கின்றன, அவற்றில் எது என்றால் 'வெல்ஷஸ்'. விடை 'டாஸ் ப்லாவெ', அந்த நீலச்சட்டை. எதுவும் எடுத்துவைக்கும் முன்பே 'எந்த மாதிரிச் சட்டை பார்க்கிறீர்கள்?' என்று விற்பனையாளர் கேட்பது 'வாஸ் ஃப்யூர் ஐன்'. விடை 'ஐன் வைஸ்ஸெஸ்', ஒரு வெள்ளைச்சட்டை.

வழக்கமாக அக்யூஸேட்டிவ் எடுக்கும் 'ஃப்யூர்' இங்கே இருப்பதைப் பார்த்து அக்யூஸேட்டிவ் போட்டுவிடாதீர்கள். இந்தத் தொடரில் அதற்கு அந்த அதிகாரம் கிடையாது. டேட்டிவ் எடுக்கும் 'மிட்' ('உடன், கொண்டு') முன்னால் வந்தால் 'மிட் வாஸ் ஃப்யூர் ஐனெம் ஔட்டோ' ('எந்த மாதிரிக் காரில்') என்று டேட்டிவ்தான்.

'வேன்', 'வேம்' இரண்டையும் எப்படி நினைவில் வைப்பது?

'வேர்' யார், 'வேன்' யாரை, 'வேம்' யாருக்கு, 'வெஸன்' யாருடைய. தமிழ் வேற்றுமைகள் இங்கே பெரும்பாலும் அப்படியே பொருந்துகின்றன. யாருக்கு உதவுகிறாய், யாருக்கு நன்றி சொல்கிறாய், இரண்டும் 'வேம்'. இன்னும் அழகான பொருத்தம் ஒன்று உண்டு. 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை ஜெர்மனும் 'எஸ் கெஃபெல்ட் மிர்' என்று டேட்டிவிலேயே சொல்கிறது. 'யாருக்குப் பிடிக்கிறது?' என்றால் 'வேம் கெஃபெல்ட் டாஸ்?'.

பொருந்தாத இடங்களைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒருவரிடம் கேட்போம், ஜெர்மனில் 'ஃப்ராகன்' என்ற வினைக்கு 'வேன்' வேண்டும். நாம் ஒருவருக்கு போன் செய்வோம், அவர்கள் 'வேன் ரூஃப்ஸ்ட் டூ ஆன்?' என்பார்கள். 'யாருடைய புத்தகம்?' என்பதற்கு 'வெஸன்' இலக்கணப்படி சரிதான், ஆனால் பேச்சில் அது ஏட்டு நடையாக ஒலிக்கும். 'வேம் கெஹ்யோர்ட் டாஸ் பூஹ்?' என்று கேளுங்கள், அதுதான் அன்றாட வழக்கு.