ஐந்து வகுப்புக்கு ஒரே அறிவியல் ஆசிரியை: கேள்வி பதில்

ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள், மொத்தம் நூறு பிள்ளைகளைத் தாண்டாத ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். வகுப்பறைச் செயல்பாடுகள், செய்முறை, செயல்திட்டம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பொதுத்தேர்வில் வரப்போகும் முக்கிய வினாக்கள் எவை என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியை): எங்கள் பள்ளியில் ஆய்வகத்துக்கென்று தனி அறை இல்லை. ஒரு பீரோவும் அதில் சில சோதனைக் குழாய்களும்தான் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அந்த பீரோவே போதும், அம்மா. முதலில் ஒரு மீட்டர் அளவுகோலை நடுவில் நூல் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் 50 கிராம் எடைக்கல். மறுபக்கம் பிள்ளைகள் மைதானத்தில் பொறுக்கி வந்த கல். எடைக்கல் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளியும், கல் 25 செ.மீ. தள்ளியும் இருக்கும்போது அளவுகோல் கிடையாக நின்றால் கல்லின் எடை 40 கிராம் (50 × 20 = 40 × 25). இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினால் பாதி வகுப்புக்குத் தூக்கம் வரும். அந்தக் கல்லைக் கையில் கொடுத்து, "மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு நாளை வந்து சொல்" என்று அனுப்பிப் பாருங்கள். மறுநாள் மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள்.

அமிலம், காரம் நடத்த மஞ்சள் தடவிய காகிதமும் செம்பருத்திப் பூச்சாறும் போதும். சுண்ணாம்பு நீர் பட்டால் மஞ்சள் சிவக்கும், செம்பருத்திச் சாறு பச்சையாகும். எலுமிச்சையில் மஞ்சள் அப்படியே இருக்கும், செம்பருத்தி இளஞ்சிவப்பாகும். காப்பர் சல்பேட் வேண்டுமென்றால் உரக்கடையில் மயில்துத்தம் என்று கேளுங்கள். அது நஞ்சு. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மதியச் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது.

ஒன்று மட்டும் கட்டாயம். நீங்கள் செய்துகாட்டி, அவர்கள் வேடிக்கை பார்ப்பது செய்முறை ஆகாது. பெரிய பள்ளியில் ஒரு பிரிவில் அறுபது பேர் இருந்தால் வேறு வழியில்லை என்று சொல்லலாம். உங்கள் வகுப்பில் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். பதினைந்து பேரின் கையும் பொருளைத் தொட வேண்டும்.

கேள்வி (பெற்றோர்): எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குச் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். தெர்மாகோல் எரிமலை செய்து தரலாமா? கடையில் செய்தே விற்கிறார்கள்.

பதில்: வேண்டாம், ஐயா. 2012-13இல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு, வகுப்பறைச் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் தரும் வளரறி மதிப்பீடு வந்தபோது, பிள்ளை தானே செய்து பார்ப்பதற்குத்தான் இந்த மதிப்பெண்ணை வைத்தார்கள். கடையில் வாங்கியதற்கு மதிப்பெண் போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

மகளிடம் ஒரு நேரான குச்சியைக் கொடுங்கள். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ செங்குத்தாக நட்டு, வாரம் ஒருநாள் பகல் பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்கட்டும். மிகக் குட்டையான நிழல் பெரும்பாலும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு விழாது. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. தமிழ்நாடு அதற்கு மேற்கே இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் நமக்கு உச்சிவேளை பிந்தி வரும். பிப்ரவரியில் சுமார் அரை மணி நேரம்கூடப் பிந்தும். ஏப்ரலில் ஒருநாள் உச்சிவேளையில் குச்சிக்கு நிழலே இருக்காது, ஆகஸ்ட் வாக்கில் மறுபடியும் ஒருநாள் அப்படி வரும். உங்கள் ஊருக்கு அது எந்த நாள் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். செலவு ஒரு குச்சியும் ஒரு சாக்பீஸும்தான்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர்): ஒளிச்சேர்க்கை சோதனைக் குழாய்-புனல் ஆய்வில் எங்களுக்குக் குமிழியே வரவில்லை. டீச்சர் வந்ததாக எழுதச் சொல்லிவிட்டார்.

பதில்: வராததை வந்ததாக எழுதாதே, தம்பி. ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை அன்று காலையே குளத்திலிருந்து எடுத்து வா. தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டு. வெட்டிய முனை புனலுக்குள் மேல்நோக்கி இருக்கட்டும். புனல் முகவையின் (பீக்கரின்) அடியோடு ஒட்டாமல் இருக்க, அடியில் இரண்டு சிறு கற்களை வை. சோதனைக் குழாயைத் தண்ணீரால் முழுக்க நிரப்பி, கட்டைவிரலால் மூடிக் கவிழ்த்து, விரலைத் தண்ணீருக்குள்தான் எடுக்க வேண்டும். முகவையில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடு. பிறகு நல்ல வெயில். வகுப்பறைக்குள் மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தால் வராது. இத்தனைக்குப் பிறகும் வரவில்லையென்றால், வரவில்லை என்றே எழுதி, ஏன் என்று நீ நினைப்பதையும் எழுது. என் வகுப்பில் அதற்கு முழு மதிப்பெண் உண்டு.

கேள்வி: எங்கள் பள்ளியிலும் ஆய்வகம் இல்லை, என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆங்கில வாசிப்பில் பின்தங்கிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன செயல்பாடு கொடுக்கலாம்?

பதில்: அது என் பாடமல்ல. உங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி (அறிவியல் ஆசிரியர்): அம்மா, நீங்கள் சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20ம் செய்முறையில் 15ம் எடுத்தால் தேர்ச்சி. செய்முறைக்கு 25ஐ எல்லோருக்கும் போட்டுவிட்டு, அந்த நேரத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்யவைத்தால் மெல்லக் கற்கும் பிள்ளை கரையேறிவிடும். ஏழைப் பிள்ளைக்கு அதுதானே நன்மை?

பதில்: இல்லை, ஐயா. தேர்ச்சி முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தோற்ற பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நானும் அறிவேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 12தான். மனப்பாடம் செய்து அத்தனையும் சரியாக எழுதினாலும் 20க்கு எட்டு குறைகிறது. அந்த எட்டை இரண்டு மதிப்பெண், நான்கு மதிப்பெண் வினாக்களில் சொந்தமாக எழுதித்தான் எடுக்க வேண்டும். கண்ணால் பார்க்காததை அவன் எதைக் கொண்டு எழுதுவான்?

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நான்கு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. மயில்துத்தப் படிகத்தைச் சோதனைக் குழாயில் போட்டு, வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து அவனே சூடாக்கினான். நீலம் மெல்ல வெளுத்தது. எல்லோரும் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் குழாயின் வாயைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் தண்ணீரே ஊற்றவில்லையே, இங்கே எப்படித் துளி நிற்கிறது?" என்று கேட்டான். படிகத்துக்குள் அடங்கியிருக்கும் நீரைப் பற்றிய படிகநீர் பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஒரு காப்பர் சல்பேட்டுடன் ஐந்து நீர் மூலக்கூறு என்பதை அதற்குப் பிறகு நான் அவனுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டி வரவில்லை. ஆறிய வெள்ளைப் பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டு நீலத்தைத் திரும்ப வரவழைத்ததும் அவன்தான். (குழாயைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்தால் அந்தத் துளி சூடான அடிக்கு ஓடிக் கண்ணாடி விரிசல் விடும். எரியும் சாராய விளக்கில் சாராயம் ஊற்றக் கூடாது. ஒரு விளக்கைச் சாய்த்து இன்னொன்றை ஏற்றவும் கூடாது.)

சும்மா போட்ட 25 அந்தப் பிள்ளையிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட 25, ஐயா. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டில் நுண்ணோக்கி வாங்கித் தருவார்கள். நம் பிள்ளைக்கு நம் பீரோவை விட்டால் வேறு எது இருக்கிறது?

அதே ஆசிரியர்: ஐந்து வகுப்பு, ஆய்வக உதவியாளர் இல்லை, எமிஸ் இணையதளத்தில் பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் வேலை வேறு. நேரத்துக்கு எங்கே போவது?

பதில்: நேரக்குறை உண்மை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. வகுப்பை நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒரு பாடவேளையில் ஒரு குழு மட்டும் செய்முறை செய்யட்டும், மற்றவர்கள் படம் வரையட்டும். செய்து முடித்த குழுவில் ஒருவர் அடுத்த குழுவுக்கு வழிகாட்டலாம். வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினால் ஒரு மாதத்தில் ஓர் ஆய்வை முழு வகுப்பும் செய்துவிடும். ஜூனில் தொடங்கினால் முடியும். ஜனவரியில் தொடங்குபவர்கள்தான் 25 போடுகிறார்கள்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி): இந்த விவாதத்தைப் பார்த்துக் கேட்கிறேன், டீச்சர். பத்தாம் வகுப்பில் 25க்கு 25 வாங்கினேன், ஒரு குழாயைக்கூடத் தொட்டதில்லை. இப்போது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டைப் பிடித்தால் கை நடுங்குகிறது.

பதில்: இதைத்தான் அந்த ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ பயப்படாதே, அம்மா. வெறும் தண்ணீரை நிரப்பி, சொட்டுச் சொட்டாக விட்டுக் குழாய்த்திருகைப் பழகு. அளவைப் படிக்கும்போது கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். நிறமற்ற கரைசலுக்குக் கீழ்ப்பிறையையும் (திரவ மட்ட வளைவின் கீழ்விளிம்பு), பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலுக்கு மேல்பிறையையும் (மேல்விளிம்பு) பார். திரவத்தை உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டை வாயால் உறிஞ்சச் சொன்னால் ரப்பர் பல்பு கேள்.

கேள்வி: ஆய்வகம் இல்லாத பள்ளியில் செய்முறை எப்படி?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: பத்தாம் வகுப்பு அறிவியல் முக்கிய வினாக்கள் தர முடியுமா?

பதில்: முடியாது.

கேள்வி (பெற்றோர்): எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு பயனுள்ளதா?

பதில்: கட்டாயம் எழுதட்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறன், படிப்பறிவு ஆகிய இரண்டு பகுதிகளிலும் தலா 90 வினாக்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

கேள்வி (ஆசிரியை): இலையில் ஸ்டார்ச் சோதனைக்கு எரிசாராயத்தை எவ்வளவு நேரம் அடுப்பில் வைக்க வேண்டும்?

பதில்: ஒரு நொடிகூட வைக்கக் கூடாது. எரிசாராயம் 78 பாகையிலேயே கொதித்துவிடும். அதன் ஆவி சுடரைத் தொட்டால் மேசையே பற்றிக்கொள்ளும். இலையை முதலில் வெந்நீரில் வேகவைத்து எடுங்கள். பிறகு தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, சுடர் இல்லை என்று பார்த்த பிறகு சாராயமும் இலையும் உள்ள குழாயை அந்தத் தண்ணீரில் இறக்குங்கள். பச்சையம் கரைந்து இலை வெளுத்ததும் கழுவி, இரண்டு சொட்டு அயோடின் விடுங்கள். எரிசாராயமே வேண்டாம் என்று தோன்றினால் சோற்றுக் கஞ்சியிலும் நறுக்கிய உருளைக்கிழங்கிலும் அயோடின் விட்டுக் கருநீலத்தைக் காட்டுங்கள். ஆறாம் வகுப்புக்கு அது போதும்.